பிள்ளைக்கு லேப்டாப் வாங்குமுன்
(கல்வி உதவிக் கூட்டத்தில் எமது கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் இந்த நாட்களில் எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில், கட்டணத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது லேப்டாப். சில வீடுகளில் அதற்காகத் தாயின் நகை அடகுக்குப் போகிறது. சில வீடுகளில் கடையில் சொன்ன தவணைத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு எங்களிடம் வந்து, “இதில் வட்டி இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கையெழுத்துக்கு முன்பே வர வேண்டும் என்பதற்காகத்தான் இன்று இதைப் பேசுகிறோம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகவே ரூபாய்க் கணக்கு சொல்லாமல், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதலில், பிள்ளை என்ன படிக்கிறது? பி.காம். மாணவருக்கு எக்செல், டேலி போதும். கலைப் பாடங்களுக்குத் தட்டச்சும் இணையமும் போதும். கட்டடக்கலை, பொறியியல் வரைபடம், வீடியோ எடிட்டிங் என்றால் வலுவான கணினி வேண்டும். வாங்குமுன் கல்லூரித் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். விளையாட்டுக்கென்று செய்த கனத்த லேப்டாப்பை பி.காம். பிள்ளைக்கு வாங்குவது வீண்விரயம். மலிவு என்பதற்காக ஒரு வருடத்தில் திணறிப்போகும் பொருளை வாங்குவதும் வீண்விரயமே.

இரண்டாவது, எடை. நம் பிள்ளைகள் பலர் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள். விடுதியிலிருந்து ரயிலில் ஊருக்கு வருகிறவர்கள். 14 அங்குலத் திரையும் சுமார் ஒன்றரைக் கிலோ எடையும் உள்ளது பைக்குள் அடங்கும். வீட்டு வேலைக்கும் போதும். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். டைப்-சி முனையில் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், தேவையான வாட் தரும் ஒரே சார்ஜரைப் போனுக்கும் பயன்படுத்தலாம். விமானத்தில் போகிறவர்கள் லேப்டாப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

மூன்றாவது, உள்ளே இருப்பது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது அந்தக் கணினி இயங்குவதற்கான அளவு. அதில் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இல்லாமல் வாங்காதீர்கள். கைக்கு எட்டினால் 16 ஜி.பி. நல்லது. மெலிந்த லேப்டாப்கள் சிலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. ஆகவே, “ரேம் கூட்டலாமா?” என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். மிக மலிவான சிறு லேப்டாப்களில் ‘64 ஜி.பி. ஈ.எம்.எம்.சி.’ என்று போட்டிருக்கும். சில அப்டேட்களிலேயே அது நிரம்பிவிடும். அதை விட்டுவிடுங்கள்.

குரோம்புக் இலேசானது, விலையும் குறைவு. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸுக்கென்று செய்த டேலி, ஆட்டோகேட் போன்றவற்றை அதில் நேரடியாக நிறுவ முடியாது. இணையத்தில் படிக்கவும் எழுதவும் மட்டும் வேண்டியவர்களுக்கு அது பொருந்தும்.

நான்காவது, செகண்ட் ஹேண்ட். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்கும் லேப்டாப்கள் கடைகளில் கிடைக்கின்றன. உறுதியானவை, பலருக்கு அதுவே சரியான வழி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க, இன்டெல் சிப் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். சிப்பின் பெயரில் கோட்டுக்குப் பின்வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யூ என்றால் 7-ஆம் தலைமுறை; வேண்டாம். ஐ5-8250யூ என்றால் 8-ஆம் தலைமுறை, பார்க்கலாம். ஐ5-1135ஜி7 என்றால் 11-ஆம் தலைமுறை, இன்னும் நல்லது.

கையில் வாங்கிப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள். மூடித் திறந்து கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றி அரைமணி நேரம் ஓட விடுங்கள். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் ஆகியவற்றையும் சோதியுங்கள். பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்ட் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாத பொருளைத் தொடாதீர்கள்; திருட்டுப் பொருளாக இருந்தால் சிக்குவது உங்கள் பிள்ளை.

இதோடு சேர்ந்த விஷயம், திருட்டு விண்டோஸ். “போட்டுத் தருகிறேன்” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அடுத்தவர் உரிமையை எடுப்பது என்ற பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். அந்த வழியாகத்தான் பல வைரஸ்களும் உள்ளே வருகின்றன. பணம் இல்லையென்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபிஸ் எல்லாம் ஹலாலாகவே இலவசம். பழைய கணினியிலும் நன்றாக ஓடும்.

ஐந்தாவது, சஃபரில் இருக்கும் வாப்பாமார்களும் அண்ணன்மார்களும் வளைகுடாவிலிருந்து கொண்டுவருவது. 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். இங்கே லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அமீரகத்தில் வாட் வரி 5 சதவீதம், சவூதியில் 15 சதவீதம். ஆகவே துபாயில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். விசைப்பலகையில் அரபி எழுத்து இருக்கும், பிளக் வேறாக இருக்கும். வாரண்டி செல்லாதென்றால் ஒரு பழுதிலேயே மிச்சப்பட்ட பணம் போய்விடும்.

இப்போது பணத்துக்கு வருவோம். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற பலகையைப் பார்க்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி தருகிறது. ரொக்கம் கொடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கணக்குப் புரியும். பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி.யும் தனியாக வரலாம். பூஜ்ய வட்டி என்ற கருத்தே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. மார்க்கச் சட்டம் என்ன என்பதை நம் ஆலிம்களிடம் கேளுங்கள். ஒப்பந்தத் தாளையும் கையில் கொண்டு போங்கள். பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அவர்களாலும் முடியாது.

வேறு வழி உண்டா? உண்டு. பிள்ளை படிக்கும் கல்லூரி அரசின் லேப்டாப் திட்டத்தில் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தருவதாக அறிவித்தது. அது கிடைக்கும் பிள்ளைக்கு நாம் கடன்பட வேண்டியதில்லை. கிடைக்காதவர்கள் முதல் செமஸ்டருக்குக் கல்லூரி ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மாதாமாதம் சேர்த்து வாங்கலாம். உறவுக்குள் வசதியுள்ளவர்கள் அழகிய கடன் கொடுக்கலாம். கொடுத்தவர் கேட்க வெட்கப்படாமல் இருக்க, தொகையையும் தவணையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்வது நம் மார்க்கம் கற்றுத்தந்த பழக்கம்.

கடைசியாக ஒன்று, தாய்மார்களிடம். மகனுக்குப் புது லேப்டாப், மகளுக்கு அவன் கழித்துப்போட்டது அல்லது வாப்பாவின் செல்போன் என்று பல வீடுகளில் தானாகவே முடிவாகிவிடுகிறது. செல்போன் திரையில் ப்ராஜெக்ட் எழுதும் பெண் பிள்ளையின் கண்ணையும் மதிப்பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், யாருக்குப் பாடத்துக்கு அதிகம் தேவையோ அவருக்கு முதல் உரிமை கொடுங்கள். மற்றவருக்கு நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளிடையே நீதமாக நடப்பது இதிலும் சேர்ந்ததுதான்.

வாங்க நினைக்கும் மாடலின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். குழுவில் கணினி தெரிந்த இளைஞர்கள் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள். பணம் கொடுக்குமுன் வாருங்கள். அதற்குப் பிறகு எங்களால் செய்யக்கூடியது குறைவு.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கடன் சுமையிலிருந்து நம் வீடுகளைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.