மீன் தொட்டிச் செடிக்கு எந்த விளக்கு?

நெல்லையும் கரும்பையும் பற்றிப் பேசுகிற ஆள், இன்றைக்கு மீன் தொட்டி விளக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைக்காதீங்க. கிணற்றடியில் நாலு சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி என்று வண்ணமீன் வளர்த்துச் சென்னை கொளத்தூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிற குடும்பங்கள் இப்போது கிராமங்களிலும் உண்டு. வெறும் மீனைவிட, பச்சைச் செடியோடு சேர்ந்த கண்ணாடித் தொட்டியைத்தான் வாங்க வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஆனால் வெளியே செழிப்பாக இருந்த செடியை வீட்டுக்குள் வைத்தால், சில நாளில் அழுகிப் போகிறது. இல்லாவிட்டால் தொட்டி முழுக்கப் பாசி படர்கிறது. மீனுக்கு விளக்கு வெறும் அழகு. செடிக்கோ அதுதான் சூரியன். ஆகவே விளக்கைச் செடியைப் பார்த்து வாங்க வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை எதற்காக விடுகிறோம்? கொடி ஏறுவதற்கு மட்டுமா? நிழலுக்கும்தானே. அதே வெற்றிலையைப் பொட்டல் வெயிலில் வைத்தால் கருகிப் போகும். நெல்லை மரத்தடியில் நட்டால் பதர்தான் மிஞ்சும். தண்ணீருக்குள் வளரும் செடியிலும் இந்த இரண்டு சாதி உண்டு. அனுபியாஸ், ஜாவாப் பாசி, கிரிப்டோகோரைன் இவையெல்லாம் வெற்றிலை மாதிரி, மங்கல் வெளிச்சமே போதும். நம் குளத்தில் கிடைக்கும் வேலம்பாசியும், நாடா போல நீண்ட இலை விடும் வாலிஸ்னேரியாவும் நடுத்தரம். சிவப்பு இலைச் செடிகள், தரையோடு புல் போலப் பரவும் செடிகள் ஆகியவைதான் நல்ல வெளிச்சம் கேட்பவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு வகையோடு நிறுத்திக் கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். எல்லாரும் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். கொடுக்கும் வெளிச்சத்துக்கு வேறு அளவு இருக்கிறது, அதன் பெயர் லூமன். எல்.இ.டி. விளக்கின் அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள், திருப்பிப் பாருங்கள். இந்தத் தொழிலில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: மங்கல் வெளிச்சச் செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 லூமன், நடுத்தரத்துக்கு 20 முதல் 40, அதற்கு மேல் கேட்பது சிவப்பு இலைச் செடி. இது தோராயக் கணக்குதான், நிறுத்துப் போடுகிற தராசு இல்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக் கொள்வோம். மணல் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் சுமார் 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு 20 லூமன் வீதம் 900 லூமன். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் கொடுக்கிறது. அப்படியானால் 9 வாட், 10 வாட் போதும். இரண்டடி நீளப் பட்டை விளக்காக வாங்கினால் தொட்டி முழுக்க ஒரே சீராக விழும். குண்டு பல்பு மாதிரி ஒரு இடத்தில் குவியாது. தினம் 8 மணி நேரம் எரித்தாலும் மாதம் இரண்டரை யூனிட்டுக்குள்தான் வரும். ஒன்றரை அடி, இரண்டடி ஆழத் தொட்டி என்றால் அடிவரை வெளிச்சம் இறங்குவது குறையும். அங்கே கொஞ்சம் கூடுதலாகப் போடலாம்.

நிறம்? பெட்டியில் 6500 கே என்றும், கூல் டேலைட் என்றும் போட்டிருப்பதை வாங்குங்கள். பகல் வெளிச்சம் போல் வெண்மையாக இருக்கும், மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும். ஊதா நிற விளக்கைக் கடைக்காரர் தூக்கிக் காட்டுவார். அதிலும் செடி வளரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊதாவில் மீன் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். பழைய இழை பல்பு வேண்டவே வேண்டாம். அது மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடிக்கும்.

கூடுதல் வெளிச்சம் கூடுதல் வளர்ச்சி தராதா என்று கேட்பீர்கள். ஒரு மகளிர் குழுவில், முற்றத்துக்கு வாங்கிய 50 வாட் ஃபிளட் லைட்டை இப்படி ஒரு சின்னத் தொட்டி மேல் கட்டியிருந்தார்கள். நான் போனபோது தண்ணீர் பச்சைப் பெயிண்டு கரைத்த மாதிரி நின்றது, மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. செடிக்கு வெளிச்சம் மட்டும் போதாது. கரியமில வாயுவும் சத்தும் அதே அளவுக்கு வேண்டும். அவை இல்லாத இடத்தில் மிஞ்சுகிற வெளிச்சத்தைப் பாசி பிடித்துக் கொள்ளும். மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி, காற்றுப் பம்பை மட்டும் ஓட விடச் சொன்னேன். பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, 9 வாட் பட்டை விளக்கு மாட்டினார்கள். தண்ணீர் தெளிந்தது. ஃபிளட் லைட் களத்து மேட்டுக்குப் போயிற்று. அதன் இடம் அதுதான்.

இன்னொன்று. இலை வெளுக்கிறதே என்று ஒரு சிட்டிகை யூரியா போடுகிற கை நம்முடைய கை. தயவு செய்து தொட்டியில் போடாதீர்கள். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும்.

விளக்கு போதவில்லை என்பதைச் செடியே சொல்லும். தண்டு நெட்டையாக ஓடும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், அடி இலை உதிரும். உடனே பெரிய விளக்குக்கு ஓடாதீர்கள். முதலில் மூடி போட்ட கண்ணாடியைத் துடையுங்கள். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு அதில் வெள்ளையாகப் படிந்து, வெளிச்சத்தைத் தடுத்துக் கொண்டிருக்கும்.

புதுத் தொட்டிக்கு முதல் சில வாரம் தினம் 6 மணி நேரம், பிறகு 8 மணி நேரம். பத்தைத் தாண்ட வேண்டாம். மீனுக்கும் இருட்டு வேண்டுமல்லவா? டைமர் பிளக் ஒன்று மாட்டிவிட்டால் ஞாபகம் வைக்கிற வேலை இல்லை. மின்வெட்டு வந்தால், விட்டதைப் பிடிக்கிறேன் என்று நடுராத்திரி வரை எரிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வெளிச்சம் குறைந்தால் செடி ஒன்றும் ஆகாது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். தண்ணீரும் சூடாகும், பாசியும் வரும்.

கடைசியாக, தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விளக்கு தண்ணீரில் விழாதபடி கண்ணாடி மூடி மேல் உறுதியாக இருக்க வேண்டும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். ஒயர் வழியே வரும் சொட்டு கீழேயே விழும், பிளக்குக்குள் போகாது. எர்த் இல்லாத பிளக்கில் சொருகாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் பிரேக்கர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டிக் கொள்ளுங்கள். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் விளக்கையும் பம்பையும் பிளக்கோடு கழற்றிவிட வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மீனைத் தொட்டுப் பார்க்கும் ஆசை அவர்களுக்குத்தான் அதிகம்.