வயதான கால்களுக்கும் தாளம் வேண்டும்



சம்பளம், வேலைநாள், வீடு என்று பேசும் நமது கூட்டத்தில், இன்று ஓய்வுபெற்ற நமது பெரியவர்களைப் பற்றிப் பேசுகிறோம். வருஷக்கணக்காக மலையேறிக் கொழுந்து பறித்த கால்கள், வேலை நின்றதும் லயத்து வாசலோடு நின்றுவிடுகின்றன. முழங்கால் வலி, படியில் விழுந்துவிடுவோமோ என்ற பயம், மறதி. "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டிய விஷயம் அல்ல இது.

அமெரிக்காவில், நியூயோர்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 75 வயதைத் தாண்டிய 469 பேரை மருத்துவர்கள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2003இல் வெளியானது. அவர்கள் பார்த்த 11 வகை உடலசைவுகளில், நடனம் ஆடியவர்களிடம் மட்டுமே மறதிநோய் குறைவாக இருந்தது. நடைப்பயிற்சியில்கூட அந்த வித்தியாசம் தெரியவில்லை. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மறதி தொடங்கியவர்கள் முன்பே ஆட்டத்தை விட்டிருக்கலாம்.

ஜேர்மனியின் மக்டபேர்க் நகரில் இன்னொரு சிறிய ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. முதியவர்களில் ஒரு குழு 18 மாதங்கள் புதுப்புது நடன அடிகளைப் பழகியது. மற்றக் குழு வழக்கமான உடற்பயிற்சி செய்தது. நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி இரு குழுவிலும் வளர்ந்தது. ஆனால் விழாமல் நிற்கும் சமநிலை நடனக் குழுவுக்கே கூடியது.

காரணம் விளங்குகிறது. ஆடும்போது காது தாளத்தைக் கேட்கிறது, கால் அடி வைக்கிறது, மனம் அடுத்த அடியை நினைக்கிறது, கண் பக்கத்தில் ஆடுபவரைப் பார்க்கிறது.

அங்கே ஆராய்ந்தது நமது கும்மியையோ கோலாட்டத்தையோ அல்ல. ஆனாலும் தாளம், அடி, நினைவு, கூட்டம் எல்லாம் இவற்றிலும் உண்டு. பழைய பாட்டும் அடியும் நமது பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும்தான் தெரியும். அவர்களை வாத்தியார்களாக அழைப்போம். பேத்திகள் பக்கத்தில் நின்று பழகட்டும்.

மெதுவாகத் தொடங்க வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்று உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். மருந்தை நிறுத்தக்கூடாது. நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் இருந்தே கைதட்டிப் பாடலாம்.

இதற்குச் சமமான, ஈரமில்லாத தரையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை தோட்டத்து மண்டபத்தைத் திறந்துதரும்படி ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். இது சலுகை அல்ல. இந்தத் தோட்டங்களை உழைத்து வளர்த்தவர்களுக்குச் சேர வேண்டியது.