ஊடலும் சொல்லும்

காதலர் ஆடும் விளையாட்டுக்களுள் ஊடல் நுட்பமானது. அதனைப் பாட முற்படும் புலவனுக்குச் சொற்றெரிவே பெருஞ் சோதனையாகும். திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரங்களையும் 250 குறட்பாக்களையும் உடையது. அவற்றுள் இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலுக்கே உரியன.

புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்திலே ஒரு காட்சி. இந்தப் பிறவியிற் பிரியமாட்டோம் என்கிறான் தலைவன். அவள் கண்களிலே நீர் நிறைகின்றது. அப்படியானால் மறுபிறவியிற் பிரிவு உண்டல்லவா? இன்னொரு வேளை அவன் தும்முகிறான். வாழ்த்திய அவளே மறுகணம், எவள் நினைத்ததனால் இத்தும்மல் வந்தது எனக் கேட்டு அழுகிறாள். உடல் வருணனை இங்கே ஒன்றுமில்லை. ஒரு சொல்லும் ஒரு தும்மலுமே உள்ளன. ஆயினும் இருவரது வேட்கையும் அவற்றுள் அடங்கிவிடுகின்றது.

இவ்விளையாட்டுக்கும் எல்லையுண்டு. இளம் பிணக்கைப் புலவி என்றும், முதிர்ந்த பிணக்கைத் துனி என்றும் வள்ளுவர் பிரித்தே வழங்குகிறார். ஊடியவரைத் தழுவாது விடுதல், துன்புற்றோரை மேலும் துன்புறுத்துவதாகும் என்பது அவர் கருத்து. புலவிக்கு அவர் காட்டும் உவமை உணவிலிடும் உப்பு. காமத்தை எழுதுவோர் கையாளும் சொல்லும் அத்தகையதே. குறைந்தாற் சுவையில்லை, மிகுந்தால் உண்ணவே இயலாது.