மிஞ்சுதலும் மீறுதலும்

தலைநகரில் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் ஹிந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். அவர்களை அடிக்கடி இடறச் செய்யும் ஆங்கில வினைகளுள் 'எக்ஸீட்' என்பது ஒன்று. 'அப்பால் செல்லுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இதற்கு 'அதிகமாதல்' என்று பொருள் கூறிவிட்டால், பிழைக்கு வழி திறந்துவிடுகிறது. 'அதைவிட அதிகம்' என்று எண்ணும் பிள்ளை, வினைக்குப் பின் 'ஓவர்' போன்ற ஒரு சொல்லைச் செருகிவிடுகிறது. 'மிஞ்சுதல்' என்று கூறிப் பாருங்கள். 'செலவு வரவை மிஞ்சியது', 'குருவை மிஞ்சிய சீடன்' என்கிறோம். செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமை ஏற்று நேரே வினையோடு சேர்கிறது. ஆங்கிலத்திலும் அவ்வாறே, இடையில் வேறு சொல் வேண்டுவதில்லை.

பொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊழியர் ஒருவர் தமக்கு இட்ட இலக்கைக் கடந்தாலும், வண்டியோட்டி வேக வரம்பைக் கடந்தாலும், ஆங்கிலத்துக்கு வினை ஒன்றே. தமிழ் அவ்வாறு விடுவதில்லை. 'விஞ்சினார்' என்றால் புகழ்ச்சி. 'மீறினார்' என்றால் குற்றச்சாட்டு. 'மேற்பட்டது' என்றால் வெறும் கணக்கு. 'இலக்கை மீறினார்' என்று அறிக்கையில் எழுதிவிட்டால், பாராட்டுக்குரியவர் விளக்கம் கூற வேண்டியவர்போல் ஆகிவிடுவார். ஆகவே, மத்திய அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எங்களுக்கு, எழுதுகோலை எடுக்குமுன் எழ வேண்டிய வினா இது: இந்த எல்லையை வகுத்தவர் யார்? எதற்காக வகுத்தார்?

சட்டத்தில் இவ்வினை நம் பணப்பையையும் தொடுகிறது. தொழில், வியாபாரம், உத்தியோகம் இவற்றின் பேரில் ஒருவர் ஒரு மாநிலத்துக்கோ, ஓர் உள்ளாட்சி அமைப்புக்கோ ஆண்டுதோறும் செலுத்தும் வரிக்கு அரசியலமைப்பின் 276-ஆம் ஷரத்து ஓர் உச்ச அளவை விதிக்கிறது. அங்கே ஆளப்படும் ஆங்கில வினை இதுவே. 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அந்த அளவு 250 ரூபாய். 1988-ஆம் ஆண்டின் 60-ஆவது திருத்தத்தால் 2,500 ரூபாய் ஆயிற்று. இதனை 'மிகாமல்' என்று பெயர்த்தால், 2,500 ரூபாயை முழுமையாகவே விதிக்கலாம். 'குறைவாக' என்று பெயர்த்தால், அத்தொகையை விதிப்பதே சட்டத்துக்கு மாறாகிவிடும். எல்லையைத் தொடுவது வேறு, தாண்டுவது வேறு.

பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குத் தமிழ் தடையாகுமென்று அஞ்சி, வீட்டிலேயே தமிழை நிறுத்திவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்த அச்சம் வேண்டுவதில்லை. மிஞ்சுவது, விஞ்சுவது, மீறுவது என்னும் வேறுபாட்டைத் தாய்மொழியில் உணர்ந்த குழந்தை, 'எக்ஸீட்' என்பதை எந்த இடத்தில் கண்டாலும் அது புகழா, பழியா, கணக்கா என்று தானே தேர்ந்துகொள்ளும். தமிழை மறந்த குழந்தைக்கோ, அகராதி தரும் ஒரு பொருளே துணை.