குருதிப் பிரிவும் குடிவழியும்

(குத்துக்கல்வலசையில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

"நம் குருதி" என்னும் சொல் இம்மன்றத்தில் பன்முறை ஒலிப்பதுண்டு. அக்குருதியின் தன்மை மக்கட்கு எவ்வாறு வருகின்றது என்பதை இன்று ஆராய விரும்புகின்றேன். பிள்ளையின் குருதிப் பிரிவு தந்தையின் பிரிவோடு ஒவ்வாமை கண்டு, தாயை ஐயுறும் கொடுமை சில இல்லங்களில் நிகழ்தலே இதற்குக் காரணம்.

வியன்னா நகரத்துக் காரல் லாண்ட்ஸ்டைனர் என்பார், மாந்தர் குருதி ஒரே தன்மைத்தன்று என்பதை 1901ஆம் ஆண்டில் விளக்கினார். ஏ, பி, ஏபி, ஓ என நான்கு பிரிவுகள் இன்று வழங்குகின்றன. ஒவ்வொருவரும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு கூறுகளைப் பெறுகின்றனர். ஏ, பி என்பன வெளிப்படும்; ஓ அவற்றின்பின் மறைந்து நிற்கும். வேனிலிற் குற்றாலப் பாறையில் நீர் வீழக் காணாமையால் மலையில் ஊற்றே இல்லை என்போமா? ஏ பிரிவுத் தந்தைக்கும் பி பிரிவுத் தாய்க்கும் ஓ பிள்ளை பிறத்தல் கூடும். தந்தை ஏபி, தாய் ஓ எனின், பிள்ளை ஏ அல்லது பி ஆகும். பெற்றோர் இருவரையும் ஒவ்வாது.

ஆர்எச் என்பது 1940ஆம் ஆண்டில் வெளிவந்த வேறொரு கூறு. இஃதுடையார் பாசிட்டிவ், இல்லார் நெகட்டிவ். பாசிட்டிவ் பெற்றோர்க்கும் நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம். தாய் நெகட்டிவாகவும் பிள்ளை பாசிட்டிவாகவும் இருப்பின், பிள்ளையின் குருதி தாயினுடலிற் கலந்து, அதனை எதிர்க்கும் பொருள் ஆங்குத் தோன்றும். தலைப்பிள்ளை பெரும்பாலும் நலமே பிறக்கும். ஊறு அடுத்த சூலுக்கே. ஆதலின் கருவுற்ற 28ஆம் வாரத்திலும், மகப்பேற்றின்பின் 72 மணி நேரத்துள்ளும் ஆன்டி-டி ஊசி இடுவித்தலை மறத்தலாகாது.

இனி, "ஓ பிரிவினர் இருவர்க்கு ஏ பிள்ளை பிறந்தாலேனும் ஐயுறலாமன்றோ?" என ஒருவர் வினவக்கூடும். அதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. பம்பாயில் டாக்டர் பெண்டே முதலியோர் கண்ட ஒரு புதுமை 1952ஆம் ஆண்டில் "லான்செட்" என்னும் இலண்டன் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏ, பி என்பன எச் என்னும் பொருளின்மேல் எழுவன. கடைகாலின்றிச் சுவர் எழாது. அவ்வாறே, எச் இல்லாரிடத்து ஏ கூறு இருந்தும் வெளிப்படாது. வழக்கமான சோதனை அவரை ஓ என்றே காட்டும். ஆயினும் அவ் ஏ கூறு பிள்ளைக்குச் செல்லும். மற்றவர் வழியாக எச் கிடைத்த பிள்ளையிடத்து அது வெளிப்படும். இதில் தாய்மேல் மாசு யாது?

இப் பம்பாய்ப் பிரிவு நம் நாட்டில் ஏறத்தாழ 10,000 பேருள் ஒருவரிடமும், ஐரோப்பியருள் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒருவரிடமும் உள்ளது என்பர். தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்துள்ள குறை ஒருங்கு கூடினாலன்றி இது தோன்றாது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம்மிடை, ஒரே முன்னோரின் மறைகூறு இருவழியும் வந்து சேர்தல் எளிது. குருதி கலவாமையைப் பெருமையாகப் பேசுவார் இதனையும் எண்ணுவாராக.

பம்பாய்ப் பிரிவினர்க்கு ஓ குருதியும் ஆகாது. அதிலும் எச் உண்டு. தம்மையொத்தார் குருதியே அவர்க்கு ஏற்கும். பெற்றோர் இருவரும் அக்குறையை மறைவாகத் தாங்கினோராயின், உடன்பிறந்தார் ஒவ்வொருவர்க்கும் அப்பிரிவு அமைய நாலில் ஒரு பங்கு இடமுண்டு. ஆகவே ஒரு வீட்டில் ஒருவர் அப்பிரிவினர் எனத் தெரியின், அண்ணன் தம்பி, அக்காள் தங்கை அனைவரையும் குருதி வங்கிக்கு அழைத்துச் சென்று, எச் சோதனையும் செய்யுமாறு கேட்டுக்கொள்க.