வாயால் இடும் உத்தரவு
(உள்ளாட்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அகவிலைப்படி பற்றியும், பதவி உயர்வுப் பட்டியல் பற்றியும், வருங்கால வைப்பு நிதி பற்றியும் எனக்கு முன்னே பேசிய தோழர்கள் விளக்கமாக எடுத்துரைத்தார்கள். அவை வயிற்றைப் பற்றிய பிரச்சினைகள். அவற்றைக் குறைத்து மதிப்பவனல்லன் நான். ஆயினும் எனக்கு அளிக்கப்பட்டுள்ள நேரத்தை உயிரைப் பற்றிய ஒரே செய்திக்குச் செலவிட விரும்புகிறேன். பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறக்கப்படுகிறானே, அதைப் பற்றி!

"அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. 1993-இல் ஒன்று இயற்றினார்கள். அது உலர் கழிப்பிடங்களையும் மலம் அள்ளும் கொடுமையையும் பற்றியது. அது போதாதென்று 2013-இல் இன்னொன்று இயற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் ஏழாவது பிரிவை நம் ஊழியர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் துப்புரவு செய்வதற்கு எவரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது அது. மறைமுகமாகவோ என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! "அவர் எங்கள் ஆளல்லர், ஒப்பந்தக்காரரின் ஆள்" என்று கையைக் கழுவிவிட முடியாதபடி வைக்கப்பட்ட பூட்டு அது.

மீறினால்? முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுமுறை மீறினால் ஐந்தாண்டு, 5 இலட்சம். பிணையில் விட முடியாத குற்றம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்திருக்கிறார்கள்!

பாதுகாப்பு உடை கொடுத்துவிட்டால் இறக்கலாமே என்று வாதாடுவோர் உண்டு. அவர்கள் அதே ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளைப் படிக்கவில்லை என்று பொருள். உடையும் கருவியும் அணிந்தவரைக்கூட உடைந்த மூடியை எடுக்க, நீரில் மூழ்கிய பம்பை எடுக்க, புதுக் குழாயைப் பழைய குழாயோடு இணைக்க என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வேலைகளுக்கே அனுமதிக்கிறது விதி. அவற்றுக்கு அப்பால் தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், அந்த உள்ளாட்சியின் தலைமை நிர்வாக அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். எழுத்தில்! நான் இன்று உங்கள் செவியில் போட வந்தது இந்த ஒரு சொல்லைத்தான்.

ஏனெனில், சாவுகள் எழுத்தால் நிகழ்வதில்லை, வாய்மொழியால் நிகழ்கின்றன. "அடைப்பு எடுத்துவிட்டு வாப்பா, சீக்கிரம், கவுன்சிலர் வீட்டு வாசல்" என்று தொலைபேசியில் ஒரு குரல். அந்தக் குரலுக்குக் கையொப்பம் இல்லை, தேதி இல்லை. மாலையில் அவன் பிணமாகக் கிடக்கும்போது கோப்பிலே என்ன எழுதப்படுகிறது? "மேற்படி நபர் எவர் உத்தரவும் இன்றித் தாமாகவே குழிக்குள் இறங்கினார்." தாமாகவே! மலக்குழிக்குள் நீராடவா இறங்கினான், தோழர்களே? அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்வது யார்? வானத்திலிருந்து வந்த தேவனா? இல்லை, நம்மோடு சங்கச் சந்தா கட்டும் இளநிலை உதவியாளர்! அவரைப் பழிக்க வரவில்லை. மேசைமேல் வரும் வரைவை மறுக்கும் துணிவை அவருக்குத் தருவது சங்கத்தின் கடமை என்கிறேன்.

குழிக்குள் இருப்பது என்னவென்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐதரசன் சல்பைடு என்பது அழுகிய முட்டை நாற்றம் வீசும் நச்சு வாயு. நாற்றம் அடித்தால் எச்சரிக்கை என்று நினைக்கிறோம். ஆனால் அதன் அளவு ஏறும்போது மூக்கின் நுகரும் சக்தியையே அது மரக்கச் செய்துவிடுகிறது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று அவன் எண்ணுகிற வேளைதான் மரணத்தின் வேளை. காற்றைவிடக் கனமானது, அடியிலே தங்கும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்தால் போதும் என்ற மேஸ்திரி வைத்தியமும் பலிக்காது. சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, கால் பட்டுக் கிளறியதும் கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிடப் பேதைமை. உள்ளே மீத்தேன் இருந்தால் குழியே தீப்பற்றும். முகத்தில் கட்டிய துண்டு தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

ஒருவன் விழுந்தான்; அவனைத் தூக்க அண்ணன் இறங்கினான்; அண்ணனைத் தூக்க மைத்துனன் இறங்கினான். மூன்று பிணங்கள்! இந்தச் செய்தியை நாளேட்டில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆகவே, தோழர் மயங்கி விழுந்தால் மூச்சுக் கருவி இன்றிப் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புப் படையை அழையுங்கள். நெஞ்சம் துடிக்கும், கால் பரபரக்கும், அப்போதும் இறங்காதீர்கள்.

இனி, நீதிமன்றச் செய்தி. 1993 முதல் சாக்கடையில் மாண்டோரின் குடும்பத்துக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20-இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. முந்தைய தொகையே கிடைக்காமல் காத்திருந்த குடும்பங்களுக்கும் இந்த 30 இலட்சமே உரியது. உயிர் தப்பியும் நிரந்தர ஊனமுற்றுப் பிழைப்பை இழந்தவருக்கு 20 இலட்சத்துக்குக் குறையக் கூடாது. 2025 ஜனவரி 29-இல், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை அள்ளுவதை நிறுத்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தனை முறை சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வாக்குமூலமல்லவா?

"சந்துக்குள் இயந்திரம் நுழையாது" என்பது அடுத்த சாக்கு. 2017-இல் ஐதராபாத் நகரம் சந்துகளில் நுழையும் சிறு இயந்திர வண்டிகள் 70-ஐ இறக்கியது. 2018-இல் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் குழிக்குள் இறங்கும் இயந்திரக் கரத்தையே செய்து காட்டினார்கள். நுழையாதது இயந்திரமா, நிதி ஒதுக்கும் மனமா? பணியாளரின் பெயரை மாற்றினார்கள், மகிழ்ச்சி. 'மேன்ஹோல்' என்ற சொல்லை 'மெஷின்ஹோல்' என்று மாற்றச் சொல்கிறார்கள், அதற்கும் மகிழ்ச்சி. பெயர்ப் பலகை எழுதுபவனுக்கு வேலை கிடைத்தது!

அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரத்தை எண்ணிப் பாருங்கள். 1968 பிப்ரவரி 1-ஆம் நாள், கொட்டும் மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டிக்குள் புகுந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் தொழிலாளரை, வண்டியின் நசுக்கும் பொறி நசுக்கிக் கொன்றது. பன்னிரண்டாம் நாள் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினர். அவர்கள் ஏந்திய பலகையில் "நான் ஒரு மனிதன்" என்ற சொற்கள்தாம். அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-இல் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் நகராட்சி இறங்கி வந்தது, சங்கத்தை ஏற்றது. அங்கே நிறம், இங்கே சாதி. பட்டியல் இனத்தவரைக் கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமைச் சட்டப்படியும் குற்றம் என்று 2016 முதல் நடப்பில் இருக்கும் திருத்தம் சொல்கிறது. இதையும் புகாரில் எழுதச் சொல்லுங்கள்; எழுதாமல் விடவே பார்ப்பார்கள்.

"மறுத்தால் நாளை எனக்கு வேலை இல்லையே" என்பார் ஒப்பந்தத் தோழர். உண்மை. அதனால்தான் நிரந்தரப் பணியிலிருக்கும் உங்களைப் பார்த்துப் பேசுகிறேன். துப்புரவு ஆய்வாளர்களே, மேஸ்திரிகளே! உத்தரவு தொலைபேசியில் வந்தால், "ஐயா, எழுத்தில் அனுப்புங்கள்" என்று மறுமொழி கூறுங்கள். உங்களைப் பணிநீக்கம் செய்வது எளிதன்று. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குத் தரப்பட்டது இப்படிப்பட்ட நாளுக்காகவே. கணக்குப் பிரிவுத் தோழர்களே! அடைப்பு நீக்கியதாக ஒப்பந்தக்காரர் பட்டியல் வைத்தால், எந்த இயந்திரம், எந்த வண்டி எண் என்று கேட்டுக் குறிப்பெழுதுங்கள். எண் இல்லையென்றால் இறங்கியது மனிதன்.

மேடைக்கு இடப்புறம் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். 1993-க்குப் பிறகு உங்கள் ஊரில் குழியில் மாண்டு, இழப்பீடு வந்து சேராத குடும்பம் எதுவாயினும், பெயர், ஊர், ஆண்டு, அன்று பணியிலிருந்த அலுவலரின் பதவி ஆகிய நான்கையும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையின் நகல் கைவசம் உள்ளவர்கள் அதையும் இணைத்துக் கொடுங்கள்.