பிள்ளையின் தன்னம்பிக்கைக்கு யார் பொறுப்பு?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு தன்னம்பிக்கை. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து, "என்னால் முடியும்" என்று மூன்று முறை சொல்லச் சொல்வார்கள். பிள்ளைகளும் மண்டபம் அதிரச் சொல்வார்கள். மறுநாள் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தால் பழைய பயம் அதே இடத்தில் காத்திருக்கும். ஆகவே நான் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது பிள்ளைகளைவிடப் பின்வரிசையில் இருக்கும் பெற்றோருக்குத்தான் அதிகம்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நம்பிக்கை வைக்க வேண்டியது அல்லாஹ்வின் மேல்தானே? தன் மேலேயே நம்பிக்கை வைக்கச் சொல்வது சரியா?" கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். ஃபிர்அவ்னிடம் போ என்று இறைக்கட்டளை வருகிறது. கொடுங்கோலன், படை வைத்திருப்பவன், போதாக்குறைக்குப் பழைய வழக்கு வேறு இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மார்தட்டவில்லை. "என்னால் ஆகாது" என்று உட்கார்ந்துவிடவும் இல்லை. உள்ளத்தை விரிவாக்கித் தரும்படி கேட்டார்கள். நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்டார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படி கேட்டார்கள். தம்மிடம் என்ன குறை, அதற்கு என்ன உதவி வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. பிறகு புறப்பட்டுப் போனார்கள்.

தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். பயம் இருக்கும். குறையும் இருக்கும். இன்ன உதவி கிடைத்தால் இந்தக் காரியத்தை முடிப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு நடக்கிற மனது. தவக்குலுக்கும் இதற்கும் சண்டை கிடையாது. ஒட்டகத்தைக் கட்டிப்போடச் சொன்ன நபிமொழியை அறியாதவர் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார்கள்.

இந்த மனது பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது? உதவித்தொகை நேர்காணலில் நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. எதிரில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். "உன் பெயர் என்னம்மா?" என்று கேட்போம். அத்தா பதில் சொல்வார். "எந்தப் பாடம் பிடிக்கும்?" அம்மா பதில் சொல்வார். "மேலே என்ன படிக்க ஆசை?" என்றால் இருவரும் சேர்ந்து, "அதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினேழு வயதுப் பிள்ளை! அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தன் பெயரைக்கூடத் தானே சொல்ல வாய்ப்புக் கொடுக்காத பிள்ளை, நாளைக்குக் கல்லூரி முதல்வர் முன்னாலோ வேலைக்கான நேர்முகத் தேர்விலோ எப்படி வாய் திறக்கும்? இந்த ஆண்டிலிருந்து நேர்காணலில் பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். யாரும் வருத்தப்பட வேண்டாம்.

அப்துல் கலாம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் யாரும் பேசுவதில்லை. நானும் சொல்கிறேன், ஆனால் வேறு ஓரத்திலிருந்து. ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்தார், செய்தித்தாள் போட்டார், குடியரசுத் தலைவரானார் என்பதெல்லாம் இங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் முடித்து, சென்னை எம்.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்டுத் தருவேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு படித்ததாகவும் எழுதியிருக்கிறார்.

தாய்மார்களுக்கு நகையின் அருமை தெரியும். கல்யாணமான ஒரு பெண், தம்பியின் படிப்புக்காகக் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுக்கிறார் என்றால், அந்தத் தம்பி அதற்கு மேல் தன்னைச் சந்தேகப்பட முடியுமா? தன் மேல் தனக்கு நம்பிக்கை வருவதற்கு முன்பே இன்னொருவர் நம்பிவிட்டார். முதல் தவணை நம்பிக்கை பெரும்பாலும் இப்படிக் கைமாற்றாகத்தான் வருகிறது. பிள்ளை பின்னால் அதைச் சம்பாதித்துத் தனதாக்கிக்கொள்கிறது.

எம்.ஐ.டி. படிப்பு முடிந்ததும் விமானியாக வேண்டும் என்ற ஆசையில் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர். எடுத்துக்கொண்டது 8 பேரை. கலாம் 9-வது. ஒரே ஓர் இடத்தில் போயிற்று! மனம் உடைந்து ரிஷிகேசத்துக்குப் போய் நின்றார். அங்கே சுவாமி சிவானந்தரிடம் மனதைச் சொல்லி ஆறுதல் பெற்றார். பிறகு டெல்லிக்குத் திரும்பினார். பாதுகாப்புத் துறையில் வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். ஆசைப்பட்டது பறப்பதற்கு, கிடைத்தது விமானம் சம்பந்தப்பட்ட மேசை வேலை. எடுத்துக்கொண்டார். 2006 ஜூன் 8 அன்று, தம் 74-வது வயதில், புனே விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானி இருக்கையில் அமர்ந்து பறந்தார். நாட்டின் குடியரசுத் தலைவர் ஒருவர் போர் விமானத்தில் பறந்தது அதுவே முதல் முறை.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் கலாம். ஐந்து நிமிடம் சொச்சத்தில் அது வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு, பொதுமக்கள் பணம், பத்திரிகைக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். அப்போது விண்வெளித் துறையின் தலைவர் சதீஷ் தவான், கலாமை முன்னே தள்ளவில்லை. தாமே பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். என் குழுவினர் அடுத்த முறை வெற்றி பெறுவார்கள் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார் தவான்.

இரண்டு ராக்கெட்டுக்கும் நடுவில் பதினொரு மாதம் இருக்கிறது. அந்தப் பதினொரு மாதத்தில் கோஷம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. எங்கே தப்பு என்று தேடினார்கள். இரண்டாம் அடுக்கில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்திருந்தது தெரியவந்தது. தவானைப் போல ஒருவர் முன்னால் நின்று அடியைத் தாங்கிக்கொண்டதால்தான், பின்னால் இருந்தவர்களுக்கு வால்வைத் தேட நிம்மதி கிடைத்தது.

நம் வீடுகளில் தேர்வு முடிவு வருகிற நாளை இதோடு வைத்துப் பாருங்கள். பையன் ஒரு பாடத்தில் 35 எடுக்காமல் போய்விட்டான். பத்திரிகையாளர்கள் இடத்தில் பெரியம்மா, மாமா, பக்கத்து வீட்டார். "என்னம்மா, உன் மகன் என்ன ஆனான்?" அந்த நேரத்தில் அத்தா என்ன சொல்கிறார்? "எல்லாம் அந்தப் போனால் வந்தது, இவன் உருப்பட மாட்டான்." பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். உருப்பட மாட்டான் என்று அத்தாவே ஊருக்கு அறிவித்த பிறகு அவன் எந்த வால்வைத் தேடுவான்? "ஒரு பாடம் போயிருக்கு, துணைத் தேர்வு எழுதுறான், துஆ செய்யுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை, மறைக்கவும் இல்லை. கண்டிக்க வேண்டியதை அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு கண்டியுங்கள். கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

பெண் பிள்ளைகளுக்காக இன்னொருவரைச் சொல்ல வேண்டும். நீதிபதி ஃபாத்திமா பீவி அவர்கள். 1997-லிருந்து 2001 வரை நமது தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர் என்பதால் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1927-ல் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். வேதியியல் படித்தார். அவரைச் சட்டம் படிக்கச் சொன்னவர் அவருடைய தந்தை மீரா சாஹிப். திருவிதாங்கூரில் நீதிபதியாக இருந்த அன்னா சாண்டி என்ற பெண்மணியைப் பார்த்து, என் மகளும் இப்படி வரட்டும் என்று அந்தத் தந்தை நினைத்தார். அது எந்தக் காலம்? பெண் பிள்ளையைப் பள்ளி இறுதி வரை அனுப்பவே யோசித்த காலம்.

1950 நவம்பரில் ஃபாத்திமா பீவி வழக்கறிஞராகப் பதிவு செய்தார். நம் சுப்ரீம் கோர்ட் தொடங்கப்பட்டதே அந்த ஆண்டு ஜனவரியில்தான். அங்கே நீதிபதியாவேன் என்று அவர் கனவு கண்டிருக்க முடியுமா என்பது சந்தேகமே. பக்கத்தில் இருந்த அடுத்த படி மட்டும்தான் தெரிந்திருக்கும். 1958-ல் முன்சீஃப். 1968-ல் சார்பு நீதிபதி. 1974-ல் மாவட்ட நீதிபதி. 1983-ல் கேரள உயர்நீதிமன்றம். 1989 அக்டோபர் 6 அன்று சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. பதிவு செய்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ 39 ஆண்டுகள். முன்சீஃபாக இருந்து அடுத்த படிக்கு ஏறவே பத்தாண்டு ஆகியிருக்கிறது. மூன்று மாதம் டியூஷன் போய்விட்டு மார்க் ஏறவில்லையே என்று சோர்கிற மகளிடம் அந்தப் பத்தாண்டைச் சொல்லுங்கள்.

மகளை மேலே படிக்கவைக்க வேண்டுமா என்று என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் பலர். "நல்ல இடம் வந்திருக்கு, முடிச்சுடலாமான்னு பார்க்கிறோம்" என்பார்கள். கல்யாணம் செய்வதை யார் வேண்டாம் என்பது? ஆனால் அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா என்றால் பதில் வராது. கேளுங்கள். அவள் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்பைத் தொடர்வது பற்றி முன்கூட்டியே பேசி முடித்த குடும்பங்களும் நம் ஜமாஅத்தில் இருக்கின்றன. பேசினால் நடக்கிறது.

இப்போது பிள்ளைகளுக்கு. நீங்கள் வால்வைத் தேட வேண்டியவர்கள். ஃபெயில் ஆகிவிட்டால் எந்தப் பாடத்தில், எந்தக் கேள்வியில் போயிற்று என்று பாருங்கள். பிளஸ் டூ என்றால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டிய பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்று முடிவு செய்யலாம். துணைத் தேர்வு அதே ஆண்டில் நடக்கிறது. ஜெயித்துவிட்டால் ஓர் ஆண்டு வீணாவதில்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர், மூன்றாண்டு டிப்ளமோ முடித்து நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். இந்த வழிகள் தெரியாமல், "இனி படிப்பு நமக்கு இல்லை" என்று பதினாறு வயதில் கடைக்குப் போய்விட்ட பையன்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கடை வேலை ஹலாலான வேலை, குறை சொல்லவில்லை. கதவு திறந்திருப்பது தெரியாமல் திரும்பிப் போனதுதான் எனக்கு வருத்தம். அவர்களில் யாராவது உங்கள் அண்ணனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் அழைத்து வாருங்கள். வயது அதிகமாகிவிட்டது என்று கூச்சப்பட வேண்டாம்.

துணைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மக்தப் கட்டடத்தின் மேல்மாடியில், மஃரிபுக்குப் பிறகு கணக்கும் ஆங்கிலமும் நடத்த இரண்டு ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு தனி வகுப்பு. நடத்தப்போவது ஓர் ஆசிரியை. பெயர் கொடுக்க வருகிறபோது மதிப்பெண் சான்றிதழின் நகல் ஒன்று கொண்டு வாருங்கள். பிள்ளையே வந்து கொடுக்கட்டும், படிவத்தையும் பிள்ளையே நிரப்பட்டும். அத்தாமார்கள் வாசலில் உட்கார நாற்காலி போட்டிருக்கிறோம்.